14ஆம் நாளை நம்பாதே

அன்புள்ள கவிதாவுக்கு,

உன் பெயரை மாற்றிவிட்டேன், பயப்படாதே. பெரம்பூரில் நம் இரண்டு வீட்டையும் தெரிந்தவர்கள் படித்தாலும் இது யார் என்று புரியாது. உறவு இல்லாமலே வீட்டில் சிரிஞ்ச் வைத்துக் குழந்தைக்கு எப்படி, எந்த நாளில் முயற்சி செய்வது என்று அன்று நீ ஃபோனில் கேட்டபோது என் மாமியார் ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்", "சரி" என்பதைத் தவிர என்னால் என்ன பேச முடியும்? அதனால்தான் கடிதம். உன்னைப் போல வாய்விட்டுக் கேட்க முடியாதவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் உறவு நடக்கவில்லை என்று அழுதாயே, அதே இடத்தில் நான் மூன்று வருஷம் இருந்தேன். மனசு சரி என்றாலும் உடம்பு தானாக இறுகிக்கொள்ளும். அதற்கு வஜைனிஸ்மஸ் என்று ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. வளைகாப்புக்குப் போனால் "உனக்கு விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்பார்கள். நான் வளையல் அடுக்குவது போலக் குனிந்துகொள்வேன். கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் சொன்னார்: "இறுக்கத்துக்கான பயிற்சியும் பிசியோதெரபியும் ஒரு பக்கம் நடக்கட்டும். குழந்தைக்காக அதுவரை காத்திருக்க வேண்டாம். கணவரோட விந்தை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து உள்ளே செலுத்தி வீட்டிலேயே முயற்சி பண்ணுங்க."

நாங்களும் செய்தோம். நான்கு மாதம் வீணாகப் போனது. செய்த விதத்தில் தப்பில்லை, நாள்தான் தப்பு. மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து 14ஆம் நாள் என்று எங்கேயோ படித்து அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு. எனக்கு 33 நாள். சினைமுட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால். அதாவது முன்னாலிருந்து எண்ணக் கூடாது, பின்னாலிருந்து கழிக்க வேண்டும். 33இல் 14 போனால் 19. நான் ஐந்து நாள் முன்னாலேயே முடித்துவிட்டு, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுத்திருந்தேன்!

முட்டை வெளியானபின் 12 முதல் 24 மணி நேரம்தான் அதற்கு ஆயுள். விந்தணு உள்ளே மூன்று நாள், சிலசமயம் ஐந்து நாள்கூட உயிரோடு இருக்கும். அதனால் முட்டை வருவதற்கு முன்பே விந்தணு போய்க் காத்திருப்பதுதான் நல்லது. முந்தைய இரண்டு நாளும் அன்றைய நாளும்தான் முக்கியம். மறுநாள் போனால் பெரும்பாலும் பஸ் போய்விட்டது.

அந்த நாளைப் பிடிக்க மெடிக்கல் ஷாப்பில் ஓவுலேஷன் கிட் கிடைக்கும். அழுத்திச் சொல், இல்லாவிட்டால் கர்ப்பம் பார்க்கும் கிட்டை எடுத்து நீட்டுவார்கள், எனக்கு இரண்டு தடவை நடந்தது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டாம். மதியமோ மாலையோ, தினமும் ஒரே நேரத்தில் பார். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீரைக் குறைத்துக்கொள். சென்னை வெயிலில் இது கஷ்டம்தான். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தால் அது 'ஆமாம்' ஆகாது. பக்கத்துக் கோடு அளவுக்கோ அதைவிடவோ அழுத்தமாக இருக்க வேண்டும். அப்படி வந்தால் அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வரும். அன்று இரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை. அந்த நாட்களில் வெள்ளைப்படுவது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுத்தால் நீளும், அதையும் கவனி. உனக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால் கிட் ஏமாற்றும். அப்போது ஸ்கேனில் முட்டை வளர்ச்சியைப் பார்ப்பதுதான் வழி. காலையில் உடம்புச் சூட்டை அளக்கும் முறையை நான் விட்டுவிட்டேன். முட்டை வந்த பிறகுதான் சூடு ஏறும். அதுவும் கரன்ட் போய்த் தூக்கமில்லாத ராத்திரிக்கு மறுநாள் அந்தக் கணக்கை யார் நம்புவது?

செய்முறை சின்னது. யூரின் டெஸ்டுக்குக் கொடுக்கும் மூடி போட்ட, சுத்தமான புது டப்பாவில் விந்தைப் பிடிக்க உன் வீட்டுக்காரரிடம் சொல். சாதாரண ஆணுறை வேண்டாம், தேங்காய் எண்ணெய், எச்சில் எதுவும் வேண்டாம், விந்தணுவுக்கு ஆகாது. ஃபிரிட்ஜில் வைக்காதே. கால் மணியிலிருந்து அரை மணி நேரத்தில் அது நீர்த்துவிடும், ஒரு மணி நேரத்துக்குள் உபயோகித்துவிடு. புது 5 மில்லி சிரிஞ்சில் மெதுவாக இழுத்து, காற்றை வெளியேற்றிவிட்டு, வலிக்காத ஆழம்வரை வைத்து மெதுவாக அழுத்து. எனக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் போகவில்லை, அது போதும். கருப்பைக்குள் செலுத்த மட்டும் ஒருபோதும் முயலாதே. ஆஸ்பத்திரியில் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. சிகிச்சையில் விந்தைக் கழுவித்தான் உள்ளே விடுவார்கள். கழுவாதது உள்ளே போனால் கடுமையான வலி வரும், தொற்றும் வரலாம். பிறகு கால் மணி நேரம் படுத்திரு. சுவரில் காலை வைக்கத் தேவையில்லை.

உன் வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட் என்றாய். விடியற்காலை வந்து செய்தாலும் ஒன்றும் குறையாது. ஆனால் "இன்னைக்குத்தான், இப்பவே" என்று கதவைத் தட்டாதே. நான் தட்டினேன், அன்று அவரால் முடியவில்லை, இரண்டு பேரும் அழுதோம். தொடங்கும் முன் அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள், செலவு குறைவு. நீ ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே டாக்டரிடம் கேட்டுத் தொடங்கு.

விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தால் "சொந்தத்திலேயே ஒருத்தர்" என்று யாராவது காதைக் கடிப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். கேட்காதே. 2021ஆம் ஆண்டு வந்த சட்டப்படி தானமாகப் பெறும் விந்து பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிஃபிலிஸ் எல்லாம் அங்கே பரிசோதிப்பார்கள்.

எனக்கு இது ஏழாவது மாதம்தான் பலித்தது. உனக்கு வயது 29, ஒரு வருஷம் பார்க்கலாம். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பேன்.

இந்த மாதம் 9ஆம் தேதி வந்தது, எப்போதும் 30 முதல் 32 நாள் என்றாய். அப்படியானால் முட்டை 24ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் நடுவில் வரும். 21ஆம் தேதியிலிருந்து கிட் பார். 22இல் ஒருமுறை செய்துவிடு, அப்புறம் கோடு அழுத்தமானதும் இரண்டு முறை. அந்த வாரம் அவருக்கு பெங்களூர் வேலை எதுவும் வராமல் பார்த்துக்கொள். 26ஆம் தேதி உன் நாத்தனார் வீட்டு விசேஷம் இருக்கிறதே, அங்கே ராத்திரி தங்கிவிடாதே.

அன்புடன்,
அக்கா