கடலாமை ஆய்வு கரையோடு நின்றுவிடக் கூடாது

தமிழ்நாட்டின் முதன்மை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும், மீன்வளத் துறை ஆணையர் அவர்களுக்கும், சென்னைவாசி ஒருவர் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர்,

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியதை இந்த நகரம் மறந்துவிடவில்லை. அடுத்த பருவம் தொடங்குமுன் உங்கள் இரு துறைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு பணியை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

கரையில் நடக்கும் வேலை பெருமைக்குரியது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்து வருகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது, வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகும் என்ற ஆய்வு முடிவு, பொரிப்பகத்துக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்ற கேள்வியாகக் களத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் ஆமைகள் சாகும் இடம் கடல். அங்கே நமக்குத் தெரிந்ததற்கும் நாம் செய்வதற்கும் இடையிலான தூரம் இன்னும் குறையவில்லை.

முட்டைகளை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பதை அறிவியல் வெகு காலத்துக்கு முன்பே காட்டிவிட்டது. அமெரிக்காவின் பெருந்தலை ஆமைகளைப் பற்றி டெபோரா குரூஸ், லாரி குரௌடர், ஹால் காஸ்வெல் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, முட்டைகள் அனைத்தையும் காத்தாலும், வளர்ந்த ஆமைகளும் பெரிய இளம் ஆமைகளும் தொடர்ந்து மடிந்தால் அந்த இனத்தின் சரிவைத் தடுக்க முடியாது என்று கணக்கிட்டுக் கூறியது. இறால் இழுவலைகளில் ஆமை வெளியேறும் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற வாதத்துக்கு அந்தக் கணக்கு வலுச் சேர்த்தது. நம் ஆமை வேறு இனம்தான். ஆனாலும் இனப்பெருக்க வயதை எட்டப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் எந்த உயிருக்கும், முட்டையிட வரும் ஒரு தாயின் இழப்பை ஈடுகட்டுவது எளிதன்று.

ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். விசைப்படகுகள் நீருக்கடியில் நெடுநேரம் இழுத்துச் செல்லும் இழுவலையில் சிக்கினால் அது மூச்சு முட்டிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி இங்கு ஏற்கெனவே இருக்கிறது; அது சிறுபடகு மீனவர்களின் மீன்பாட்டையும் சேர்த்துக் காக்கும் விதி என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிழக்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை நீடிக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான முட்டையிடும் பருவம் ஏறத்தாழ முடிந்த பிறகுதான் அது தொடங்குகிறது.

எனவே, இறந்து ஒதுங்கும் ஒவ்வோர் ஆமையின் இடம், நாள், அளவு, பாலினம் ஆகியவற்றை ஒரே படிவத்தில் பதிவு செய்யுங்கள். அழுகாத உடல்களைக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதிக்கட்டும். கடலில் சாகும் ஆமைகள் எல்லாமே கரைக்கு வருவதில்லை என்பதால், கரைக்கு வந்தவை சொல்லும் செய்தியை வீணாக்கக் கூடாது. அந்தப் பதிவையும் நீரோட்டத் தகவலையும் விசைப்படகுகளின் இருப்பிடத் தகவலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்தப் பகுதியில், எந்த வாரங்களில் கண்காணிப்பைக் கூட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வழி பிறக்கும். இன்று ஆமை வனத்துறையின் பொறுப்பாகவும் படகு மீன்வளத் துறையின் பொறுப்பாகவும் இருப்பதால், இரு தகவல்களும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும்.

ஆமை வெளியேறும் கருவியால் மீன்பாடு குறையும் என்ற விசைப்படகு உரிமையாளர்களின் அச்சத்தை ஆணையால் போக்க இயலாது. காசிமேட்டுப் படகுகளிலேயே, அவர்களுடைய வலைகளிலேயே, கருவியோடும் கருவியில்லாமலும் இழுத்துப் பார்த்து, கிடைத்த பாட்டை மீனவர்கள் முன்னிலையில் எடைபோட்டுக் காட்டுங்கள். இழப்பு உண்டென்று தெரிந்தால் அதற்கு ஈடு கொடுப்பதும் பாதுகாப்புச் செலவின் ஒரு பகுதியே. ஆமைகள் எங்கே கூடுகின்றன என்பதை நாள்தோறும் பார்க்கும் ஃபைபர் படகு மீனவர்களையும் இந்த ஆய்வில் ஊதியத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரு துறைகளும் கூட்டாகத் தயாரிக்கும் இந்தச் செயல்திட்டத்தை டிசம்பருக்குள் தமிழில் வெளியிட்டு, அதன்பின் பருவம் முழுவதும் மாதந்தோறும் இறப்புப் பதிவையும், எடுத்த நடவடிக்கைகளையும் மீனவக் கிராமங்களுக்கும் பொதுமக்களுக்கும் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைக் கடற்கரைவாசி ஒருவர்