39 அழைப்பு, 0 புள்ளி: லாங் ஐலண்டில் நம் அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம்.

டிசம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நம் ஃபயர் டிஸ்ட்ரிக்ட் (நம் வரிப்பணத்தில் தீயணைப்புச் சேவையை நடத்தும் உள்ளூர் அமைப்பு) தேர்தல். இந்த முறை ஒரு கேள்வியும் சேர்ந்து வாக்குக்கு வருகிறது. தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கு வயதான பிறகு மாதாமாதம் வரும் சேவைக்காலத் தொகையை, செய்த ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் மாதம் 15 டாலரிலிருந்து 20 டாலராக உயர்த்தலாமா? நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "வாலண்டியர் என்றால் சும்மா செய்வதுதானே, அப்புறம் என்ன பென்ஷன்?" அதற்குப் பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலும் போட்டிருந்தார்கள்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் ஒன்று: நான் நம் தீயணைப்பு நிலையத்தில் ஆறு வருஷமாகத் தன்னார்வ உறுப்பினர். தொகை கூடினால் எனக்கும் கூடும். இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

லாங் ஐலண்டின் நாசாவ், சஃபோக் இரண்டு கவுண்டியிலும் தீயணைக்க வருபவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாதவர்கள்தான் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. வற்றல் மிளகாய் தாளித்த புகைக்கு அலாரம் அடித்து, வாசலில் சிவப்பு வண்டி வந்து நின்றதே, அதில் வந்தவர்களில் ஒருவர் பிளம்பர், ஒருவர் பள்ளி ஆசிரியர். நான் கணினி வேலை. இரவு இரண்டரைக்குப் பேஜர் கத்தினால் எழுந்து ஓடுகிறோம். நிலையத்தில் எங்கள் பூட்ஸுக்குள்ளேயே காற்சட்டையைச் சுருட்டி வைத்திருப்போம். காலை உள்ளே விட்டு மேலே இழுத்தால் இரண்டும் ஒன்றாக ஏறிவிடும். அந்த நாலைந்து விநாடிக்காகத்தான் அந்த ஏற்பாடு.

சரி, பணத்துக்கு வருவோம். நியூயார்க் மாநிலச் சட்டப்படி, உறுப்பினராக இருப்பதாலேயே யாருக்கும் ஒரு காசும் கிடையாது. ஒரு காலண்டர் ஆண்டில் 50 புள்ளி எடுத்தால்தான் அந்த ஆண்டு கணக்கில் சேரும். இரண்டு மணி நேர டிரில் (தீயணைப்பு ஒத்திகை) ஒன்றுக்கு ஒரு புள்ளி, அதிகபட்சம் 20. கூட்டம் ஒன்றுக்கு ஒரு புள்ளி, அதுவும் 20-க்கு மேல் போகாது. பயிற்சி வகுப்புகளுக்கு 25 வரை. வெறும் கூட்டத்துக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவர் 50-ஐத் தொடவே முடியாது.

பெரிய சங்கதி அழைப்புகள்தான். ஆண்டுக்கு 500 அழைப்புக்குள் வரும் நிலையத்தில், அதில் பத்தில் ஒரு பங்குக்காவது போயிருந்தால் 25 புள்ளி. போகாவிட்டால் பூஜ்யம். நடுவில் எதுவும் இல்லை.

இந்தப் பூஜ்யத்தை நான் வாங்கியிருக்கிறேன். என் இரண்டாவது வருஷம், வீட்டில் கைக்குழந்தை. அந்த ஆண்டு மொத்தம் 400 அழைப்பு. 40-க்குப் போயிருக்க வேண்டும், போனது 39. டிரில் 16, கூட்டம் 10, வகுப்பு 5, ஆக 31. ஜனவரியில் சுவரில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு நேராக 31 என்று இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு அழைப்புக்கு எழுந்திருந்தால் 56. அந்த ஆண்டு போனது போனதுதான். மாநில சட்டமன்றத்தில் யாராவது இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தினால், 20 அழைப்புக்குப் போனவருக்குப் பாதியாவது கொடுத்தால், நன்றாக இருக்கும். ஆனால் அது டிசம்பர் வாக்கில் வருகிற விஷயம் இல்லை.

எனவே ஆறு வருஷத்தில் என் கணக்கில் இருப்பது ஐந்து. குறைந்தது ஐந்தாண்டு சேர்ந்தால்தான் தொகை உரிமையாகும் என்பதால் இப்போதுதான் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறேன். இன்றே விலகினாலும், எங்கள் திட்டத்தின்படி 60 வயதில் மாதம் 75 டாலர் வரும். வரி போகத்தான் கைக்கு. உயர்வு நிறைவேறினாலும் இனி சேரும் ஆண்டுகளுக்கு மட்டுமே 20 டாலர். புதிதாகச் சேரும் ஒருவர் இருபது வருஷம் விடாமல் ஓடினால் மாதம் 400. இதற்காக யாராவது நடுராத்திரியில் போர்வையை உதறுவார்களா, சொல்லுங்கள். ஆனால் பத்து வருஷம் ஓடியவர் பதினோராவது வருஷமும் இருக்கலாமே என்று நினைக்க இது ஒரு காரணம். 1984-இல் நாடு முழுக்க ஏறத்தாழ 9 லட்சம் தன்னார்வ வீரர்கள் இருந்தார்கள். 2020-இல் 6 லட்சத்து 77 ஆயிரம். அழைப்புகள் குறையவில்லை, ஆட்கள்தான் குறைந்தார்கள்.

"உள்ளுக்குள்ளேயே எழுதிக்கொள்ள மாட்டார்களா?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். புள்ளிப் பட்டியலை நிலையம் சத்தியப் பிரமாணத்தோடு, ஃபயர் டிஸ்ட்ரிக்டை நடத்தும் ஆணையர் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஏற்ற பிறகு 30 நாள் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். வராதவன் பெயர் அதில் இருந்தால் வந்தவன் சும்மா இருப்பானா? உயர்வையும் ஆணையர்கள் தாங்களே முடித்துவிட முடியாது. அவர்களில் 60 சதவீதம் பேர் சம்மதித்தால்தான் கேள்வியே உங்களிடம் வரும்.

கிரீன் கார்டிலும் எச்1பி-யிலும் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை, வரி மட்டும் உண்டு. அந்த எரிச்சல் எனக்கும் பல வருஷம் இருந்தது. குடியுரிமை வாங்கியவர்களிடம் இதைக் காட்டுங்கள். செலவு கூடும் என்று அவர்கள் எதிர்த்து வாக்களித்தாலும் எனக்குக் கோபம் இல்லை. விதியைப் படித்துவிட்டு எதிர்த்தால் போதும்.

மாலை 6 முதல் 9 வரை வாக்குப்பதிவு, நிலையத்தின் வண்டிக்கூடத்திலேயே. வண்டிகளை வெளியே நிறுத்தியிருப்போம். நீங்கள் வரிசையில் நிற்கும்போது சைரன் அடித்தால், இடதுபக்கச் சுவரோரம் ஒதுங்கி நில்லுங்கள். எங்கள் பூட்ஸ் எல்லாம் வலதுபக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தெருக்கோடி வீட்டுக்காரன்