கலப்பட யூரியா கரைசல் விற்பனையைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒன்றிரண்டு லாரி வைத்துப் பிழைக்கும் உரிமையாளர்கள்,
திருமங்கலம், உசிலம்பட்டி வட்டங்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை.

பொருள்: பிஎஸ்-6 லாரிகளுக்கான ஆட்ப்ளூவில் கலப்படம் – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பிஎஸ்-6 எனும் புகை மாசு விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த கனரக லாரிகளில் டீசல் தவிர, தனித் தொட்டியில் ஆட்ப்ளூ எனும் யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். 100 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 5 லிட்டர். அதைத் தண்டச் செலவு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. இன்ஜினில் எரிசூடு கூடினால் மைலேஜ் கிடைக்கும், நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். சூட்டைக் குறைத்தால் கரி சேரும், வண்டி டீசல் குடிக்கும். புகைக்குழாயில் இந்தக் கரைசலைப் பீய்ச்சி நச்சு வாயுவை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுவதால்தான் மைலேஜை இழக்காமல் ஓட்ட முடிகிறது.

ஆனால் கரைசல் சுத்தமாக இருக்க வேண்டுமே! சாலையோரத்தில் பெயரில்லாத கேன்களில் விற்பதை ஊற்றினால், கரைசலைப் பீய்ச்சும் நாசிலின் வாயில் வெள்ளையாக உப்புக் கட்டி அடைக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி தானே இழுவையைக் குறைத்துக்கொள்கிறது. பாரத்தோடு ஆண்டிப்பட்டி கணவாய் ஏறும்போது இப்படி ஆனால், பின்னால் வரும் பஸ்காரரிடம் ஏச்சு வாங்குவது எங்கள் டிரைவர்தான்.

மானிய யூரியாவைக் கரைத்தே விற்கிறார்களோ என்பது எங்கள் சந்தேகம். வேப்பெண்ணெய் பூசிய அந்த யூரியா பயிருக்கானது, புகைக்குழாயில் நச்சு வாயுவை மாற்ற உதவும் கேட்டலிஸ்ட்டைக் கெடுத்துவிடும். அதை உரமல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது 1985 உரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும்கூட. நடவு நேரத்தில் ஒரு மூட்டைக்கு விவசாயி அலைவது தங்களுக்குத் தெரியாததல்ல.

சிலர் வெறுத்துப்போய், ஆட்ப்ளூ பீய்ச்சுவதாக வண்டியின் கணினியை நம்பவைக்கும் ஏமாற்றுக் கருவி மாட்டி, அது இல்லாமலே ஓட்டுகிறார்கள். புகைச் சோதனையில் டீசல் வண்டிக்குப் புகையின் கருமையை மட்டுமே பார்ப்பதால் அவர்களுக்கும் சான்று கிடைத்துவிடுகிறது. முறையாக ஓட்டுகிற நாங்கள் அவர்களோடு வாடகையில் போட்டிபோட முடியவில்லை.

பெட்ரோல் பங்கில் டீசலின் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். அதுபோல ஆட்ப்ளூ விற்கும் இடங்களிலும் யூரியா 32.5 சதவீதம் உள்ளதா என்று, கரைசலின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் காட்டச் செய்ய வேண்டுகிறோம். அளவு சரியாக இருந்தாலும் எண்ணெய்க் கலப்பு அதில் தெரியாது. ஆகவே வேளாண் துறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் சேர்ந்து, கப்பலூர் தொடங்கி நான்குவழிச் சாலையோரக் கடைகளில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவும், ஏமாற்றுக் கருவி மாட்டும் பட்டறைகள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: அடைபட்ட நாசிலின் படங்கள், வாங்கிய கரைசலின் மாதிரி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி உரிமையாளர்கள்