சனிக்கிழமை வகுப்புக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

வணக்கம். நியூ ஜெர்சியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த மாநிலத்தின் வரலாற்றைச் சொல்லித்தர ஆரம்பித்த சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு வருஷம் முடிந்தது. 11 பிள்ளைகள், ஒரே ஊர்: பேட்டர்சன். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, அவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் அந்த நூலகர் அம்மா. நான் அமெரிக்காவின் முதல் நிதி அமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனில் தொடங்குவதாக இருந்தேன்: 1791இல் அவர் முன்னின்று அமைத்த தொழில் சங்கம், 77 அடி உயர பசேக் அருவி, அந்தத் தண்ணீரின் விசையில் ஆலைகள் என்று. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைகளுக்கு முதலில் ஒரு தெருவைக் காட்டுங்கள்" என்று சொல்லி, தீ விபத்துக் காப்பீட்டுக்காக சான்பார்ன் கம்பெனி போட்ட பழைய வரைபடத்தை எடுத்து வந்து விரித்தார். செங்கல் கட்டடம் என்றால் ரோஸ் நிறம், மர வீடு என்றால் மஞ்சள். கட்டடம் மாறினால் புதிதாக வரைந்த துண்டுக் காகிதத்தை அதே இடத்தில் ஒட்டிவிடுவார்களாம், அதனால் அடிக்கடி மாறிய இடங்களில் விரலை வைத்தால் தடிப்பாகவே தெரிகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்கள்.

அப்புறம் அதே தெருவின் 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆளுக்கு ஒரு வரி, தொழில் என்ற இடத்தில் வரிக்கு வரி பட்டு ஆலை. தாய்மாருக்கு மட்டும் கூடுதலாக இரண்டு கட்டங்கள்: பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பது எத்தனை. ஒரு வரியில் 7, பக்கத்தில் 4. "மீதி 3 பேரோட பேர் என்ன?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தத் தாளில் அதற்கு விடை இல்லை. அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடத்த எனக்கு மனசு வரவில்லை.

இளவயதில் பேட்டர்சனில் தறி ஓட்டிய அந்தத் தாத்தாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நூல்கண்டோடு வந்தார், அறுந்த இழையை இரண்டு விரலால் முடிந்து காட்டினார். கண் இமைப்பதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது, அதைப் படம் எடுக்கக்கூட எங்களால் முடியவில்லை. பிறகு நான்கு நாற்காலிகளைப் போட்டு, இவைதான் தறி என்று சொல்லி, ஒரு பையனை நடுவில் நிறுத்தி, மற்றவர்களை மாறி மாறி "அறுந்துபோச்சு!" என்று கத்தச் சொன்னார். இரண்டே நிமிஷத்தில் பையனுக்கு வேர்த்துக்கொட்டியது. இரண்டு தறி பார்த்துக்கொண்டிருந்தவரை நான்கு பார்க்கச் சொன்னதுதான் 1913 பட்டு ஆலை வேலைநிறுத்தத்துக்கு முக்கியக் காரணம் என்று நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இப்படிப் புரிந்திருக்காது. பிப்ரவரி 25 அன்று வேலையை நிறுத்தியவர்கள், சுமார் 25,000 பேர், எட்டு மணி நேர வேலையும் கேட்டு ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் பசிதான் அவர்களைத் திரும்ப ஆலைக்குள் அனுப்பியது.

ஹேல்டனில் இருக்கும் பொட்டோ வீட்டை, இப்போது அது தொழிலாளர் அருங்காட்சியகம், சுற்றிக் காட்டிய வழிகாட்டிக்கும் நன்றி. அந்த வேலைநிறுத்தத்தின்போது பேட்டர்சனில் கூட்டம் போட விடாததால்தான் பக்கத்து ஊரில் இருந்த இந்த நெசவாளர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து வந்திருக்கிறார்கள். தொழிலாளர் தலைவர் எலிசபெத் கர்லி ஃபிளின் பேசிய மாடி முகப்பில் நம் பிள்ளைகளையும் நிற்கவிட்டார். கீழே பார்த்தால் சாதாரணத் தெரு. இவ்வளவு சின்ன இடமா என்று ஒருவன் கேட்டான், எனக்கும் அதேதான் தோன்றியது.

வண்டி ஓட்டிய அப்பாக்கள், மழையில் அருவி பார்க்கப் போன அன்று எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்த அக்கா, வரைபடங்களை ராத்திரி உட்கார்ந்து ஸ்கேன் செய்த தம்பி, உங்கள் பெயரையெல்லாம் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. ஆனால் செப்டம்பரில் மறுபடியும் வேண்டும். இந்த முறை ஹின்ச்லிஃப் மைதானத்தில் தொடங்குகிறோம், 1932இல் திறந்தது, கறுப்பின பேஸ்பால் அணிகள் ஆடிய இடம். ஏழு பேர் உட்காரும் வண்டி வைத்திருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.