பருப்புப்பொடிப் பார்சலுக்குள் ஒரு கடிதம்

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, கொஞ்சம் விரலி மஞ்சள் எல்லாம் அம்மா கட்டிவைத்தாள். அதற்கு நடுவில் இந்தக் கடிதத்தை அவளுக்குத் தெரியாமல் நான் சொருகியிருக்கிறேன். போனில் பேசும்போது பார்சல் வந்தது என்று மட்டும் சொல்.

இந்த வருஷம் மழை பரவாயில்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். தேங்காய்க்கு வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போனான், விலை படியவில்லை. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான். மேற்குத் தோட்டத்தில் பன்றி புகுந்து மரவள்ளியைத் தோண்டிப் போட்டுவிட்டது. பன்றி என்றதும் வேறொன்று ஞாபகம் வருகிறது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனைக் குட்டி கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாய் அல்லவா? அப்போது அவன் என்னிடம் ரகசியமாகச் சொன்னான்: "தாத்தா, அப்பா அலமாரில ஒரு கறுப்புப் பெட்டி இருக்கு. என் பர்த்டே நம்பர் போட்டேன், திறக்கலை. அடுத்தது அப்பா பர்த்டே போடப்போறேன்." நான் சிரித்துவிட்டு, ஸ்கூலில் என்ன பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். பெட்டிக்குள் என்ன என்று அவனிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை. உன் சிநேகிதன் ஒரு போட்டோவைக் குரூப்பில் போட்டுவிட்டு உடனே அழித்தானே, துப்பாக்கி சுடப் பழகும் இடத்தில் காதில் பெரிய மூடி போட்டுக்கொண்டு நீ நிற்கிற போட்டோ, அதை நான் பார்த்துவிட்டேன். 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது போதும்.

நம்பரை மாற்று. பிறந்தநாள், கல்யாண நாள், கார் நம்பர் எதுவும் வேண்டாம். குட்டி உன்னைவிடக் கெட்டிக்காரன்.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஜெராக்ஸ் கடைப் பையனிடம் சொல்லி உன் டெக்சாஸ் மாநிலச் சட்டத்தைப் பிரிண்ட் எடுத்தேன். 2021 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து, 21 வயது நிரம்பி, சட்டத்தில் தடை எதுவும் இல்லாதவன் அந்தச் சாமானை லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாமாம். இரண்டு தடவை படித்தேன். நம் அப்பாரு ஒரே ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கிக்காக, பயிரைப் பன்றி அழிக்கிறது என்று மனு எழுதி, போலீஸ் விசாரணை, தாசில்தார் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று செருப்புத் தேய நடந்தவர். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் நடந்தார்.

ஒன்றைக் கவனித்தேன். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நீ பொறுத்திருக்கிறாய். எச்1பி வேலை விசாவில் இருப்பவன் அதை வைத்திருக்கவே கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசுச் சட்டம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. நீ சட்டம் பார்த்துத்தான் செய்திருக்கிறாய், அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கிரீன் கார்டு என்பது பட்டா இல்லை தம்பி, குத்தகை. ஆயுத வழக்கு ஒன்றில் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டால் ஊரைவிட்டு அனுப்ப அதுவே போதும். பதினாலு வருஷம் நீ பட்ட பாடு ஒரே தாளில் போய்விடும்.

டிசம்பரில் காரிலேயே நியூஜெர்சி எடிசனுக்கு, மருமகளின் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாய். வழியை மேப்பில் பார்த்தேன். ஆர்கன்சாவிலும் டென்னசியிலும் உன் ஊர் மாதிரிதான், லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். வர்ஜீனியாவில் மறைத்து வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். டெக்சாஸ் லைசென்ஸ் அங்கே செல்லும். நீ எடுத்தாயா? உன் ஊரில் கட்டாயம் இல்லை என்று விட்டிருப்பாய். அப்புறம் 81ஆம் நெடுஞ்சாலை மேரிலாந்துக்குள் நுழைகிறது. வெறும் 12 மைல், இங்கே டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த 12 மைலுக்கு வேறு எந்த மாநிலத்து லைசென்சும் செல்லாது. நியூஜெர்சியிலும் அப்படித்தான். 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க்கின் துப்பாக்கி லைசென்ஸ் சட்டத்தை அடித்துப்போட்ட பிறகு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு லைசென்ஸ் கிடைப்பது சுலபமாகியிருக்கிறது. வெளியூர் லைசென்ஸை மட்டும் இன்னும் ஏற்பதில்லை.

குண்டை எடுத்துவிட்டு, பூட்டி, டிக்கியில் வைத்துக் கொண்டுபோனால் வழிப்போக்கனுக்குப் பாதுகாப்பு தரும் மத்தியச் சட்டம் ஒன்று 1986இலேயே வந்திருக்கிறது. ஆனால் கிளம்பும் ஊர், போய்ச்சேரும் ஊர் இரண்டிலும் அதை வைத்துக்கொண்டு நடக்க உனக்கு உரிமை இருந்தால்தான் அது உதவும். நீ எடிசனைக் கடந்துபோகவில்லையே, எடிசனுக்கே போகிறாய். அந்த வீட்டு மாப்பிள்ளை இன்னும் எச்1பியில் காத்திருக்கிற மனுஷன். அவர் வீட்டு அலமாரியில் அதைக் கொண்டுபோய் வைக்கப்போகிறாயா?

2013இல் பென்சில்வேனியா லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பெண்ணை நியூஜெர்சியில் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தன்னிடம் இருப்பதை அவளே சொல்லியிருக்கிறாள். கைது செய்துவிட்டார்கள். குறைந்தது மூன்றரை வருஷம் உள்ளே போக வேண்டிய நிலை. கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி 2015இல் மன்னிப்புக் கொடுத்தார். நீயும் கேட்காமலே உண்மையைச் சொல்கிற ஆள்தான். உனக்கு எந்தக் கவர்னரைத் தெரியும்?

டிசம்பரில் அது வீட்டிலேயே இருக்கட்டும். லைசென்ஸையும் எடுத்துவிடு. நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, 50 குண்டு சுட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் கொண்டுபோகக் கூடாது என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. மாநில லைசென்ஸ் வைத்திருப்பவனுக்கு அதில் விலக்கு உண்டு. குட்டியைத் தினமும் ஸ்கூலில் விடுவது நீதானே? கோயிலுக்குள் என்றால், கோயில்காரர்கள் தடை போர்டு வைக்காவிட்டால் உன் ஊர்ச் சட்டம் விட்டுவிடும். ஆஞ்சநேயர் விடுவாரா என்பதை நீயே கேட்டுக்கொள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நம்பரை மாற்று. 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி, குண்டு போட்டபடி, அஜாக்கிரதையாக வைத்திருந்து பிள்ளை எடுத்துவிட்டால் உன் ஊரிலும் பெரியவன் மேல்தான் வழக்கு. வழக்கு கிடக்கட்டும். அவனுக்கு ஆறு வயது.

ஏன் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். 2023 மே மாதம் டெக்சாஸின் ஆலன் ஊர்க் கடைவளாகத்தில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். நம் நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணும் அதில் ஒருத்தி. முந்தின மாதம்தான் அங்கே எனக்குச் செருப்பு வாங்கி அனுப்பியிருந்தாய். நீ போன் எடுக்கும்வரை அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்கப்புறம் உன் பேச்சே குறைந்துவிட்டது. பயமாக இருக்கிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்பன் மகனை அப்படிக் கேட்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. வேலை எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றாய்.

சரி, பன்றி விஷயம்.

அப்பாருவின் துப்பாக்கியை ஏன் திரும்ப வாங்கவில்லை என்று நீ ஒரு வாரம் அழுதாய். எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்ததில் துருப்பிடித்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். சித்தப்பா நம் வாசல் மிதிக்காததற்குத் தோட்டத்துப் பாதைக்கான தடத்து வழக்குதான் காரணம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்.

1999 மே மாதம். முழுப்பரீட்சை லீவில் நீ அப்புச்சி வீட்டில் இருந்தாய். ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் த்ரீபேஸ் கரண்ட் வரும். அன்றைக்குக் கிணற்று முறை என்னுடையது. பன்றி விரட்டத் துப்பாக்கியோடு போனவன், சித்தப்பா மோட்டாரைப் போட்டுத் தன் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்தேன். வார்த்தை தடித்தது. என் கையில் வெறும் மண்வெட்டி இருந்திருந்தால் கத்திவிட்டு வந்திருப்பேன். துப்பாக்கி இருந்ததால் அதை அவன் நெஞ்சுக்கு நேரே தூக்கினேன். தோட்டா போட்டிருந்தது. "சுடுங்கண்ணா" என்றான். நான் இறக்கவில்லை தம்பி. சித்தி தோட்டத்து வீட்டுச் சாளையிலிருந்து ஓடிவந்து குழலைப் பிடித்து மேலே தள்ளினாள். அவள் வராமல் இருந்திருந்தால் என்கிற இடத்துக்கு மேல் என்னால் இன்றுவரை யோசிக்க முடிந்ததில்லை.

அவன் போலீசுக்குப் போகவில்லை, ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வருஷம் எலெக்‌ஷனுக்குத் துப்பாக்கியை ஒப்படைத்தேன். லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. ரசீது பீரோவில் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு அவன் வராதபோது, பார்த்தாயா, அண்ணன் என்கிற பாசமே இல்லை என்று உன்னிடமே குறை சொன்னேன். அதை நினைத்தால் இப்போது எழுதுகிற கை கூசுகிறது. இந்த முறை ஊருக்கு வரும்போது நீயாவது குட்டியைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்வா. சித்தி காலில் குட்டியை விழச் சொல்.

அம்மா எழுந்துவிட்டாள், பாத்திரச் சத்தம் கேட்கிறது. பார்சலைப் பத்து மணிக்குள் கொரியரில் கொடுக்க வேண்டும். நம்பரை மாற்றிவிட்டாய் என்றால் ஞாயிற்றுக்கிழமை போனில், "தேங்காய் வித்தாச்சாப்பா?" என்று கேள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நான் புரிந்துகொள்வேன்.

அப்பா