கவுன்சிலர் அக்காவுக்கு: காலநிலையை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்

அன்புள்ள கவுன்சிலர் அக்காவுக்கு,

வணக்கம். சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் நீங்கள் பேசியதை முழுக்கக் கேட்டேன். படிப்பைப் பாதியில் விடும் பையன்கள், கஞ்சா, ரேஷன் கடை, பட்டா, கால்வாய் ஓரத்துக் குடும்பங்கள் என்று ஒவ்வொன்றையும் விவரம் தெரிந்து பேசினீர்கள். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டுகளில் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து பேசும் வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. நீங்கள் எல்லாவற்றுக்கும் நீங்களே வருகிறீர்கள், போனையும் நீங்களே எடுக்கிறீர்கள். அந்த மரியாதையில்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டம் முடியும்போது ஒரு கல்லூரி மாணவி எழுந்து, சென்னை மாநகராட்சியின் காலநிலைத் திட்டத்தில் நம் வார்டுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். சோறு, வீடு, வேலை எல்லாம் முதலில் சரியாகட்டும், காலநிலை பெரிய நாடுகள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், நம்மால் ஆனது மரக்கன்று நடுவது, அதையும் ஜூன் மாதம் செய்துவிட்டோம் என்று பதில் சொன்னீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. ஒற்றை அறை வீட்டில் ஒரு ஃபேனும் ஒரு டியூப் லைட்டுமாக வாழும் குடும்பத்துக்கு உலகம் சூடானதில் என்ன பங்கு இருக்கிறது? அவர்களைக் குற்றவாளி ஆக்கிப் பேசும் எந்தத் திட்டத்தையும் நானும் ஏற்க மாட்டேன். ஆனால் அடி முதலில் அவர்கள் மேல்தான் விழுகிறது. நீங்கள் அன்றைக்கு வரிசையாகச் சொன்ன பிரச்சினைகளில் பாதிக்கு மேல் மழையும் வெயிலும் குப்பையும் சம்பந்தப்பட்டவை. அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, காலநிலையை இன்னொரு பக்கம் 'அப்புறம்' என்று வைக்க முடியாது, அக்கா.

மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள், அடையாற்றின் இரண்டு கரையும் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு நாளில் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷத்துக்கே சுமார் 140 சென்டிமீட்டர்தான் மழை. அந்தப் புயலில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது, மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. இரண்டு வெள்ளத்துக்கும் நடுவில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று குடிநீர் தரும் நான்கு ஏரியும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. கடல் சூடாகச் சூடாகக் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும், இல்லையென்றால் மாதக்கணக்கில் பொய்க்கும். விஞ்ஞானிகள் சொல்லும் இந்தக் கணக்கை நாம் பத்து வருஷத்துக்குள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டோம்.

வெயிலைப் பற்றித்தான் நம் அரசியலில் யாரும் அதிகம் பேசுவதில்லை. வெள்ளம் வந்தால் படகு வரும், கேமரா வரும், அமைச்சர் வருவார். வெயிலுக்கு யாரும் வருவதில்லை. மே மாதம் கால்வாய் ஓரத்து வீடுகளுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். எல்லாம் சிமெண்ட் ஷீட் கூரை. பகலெல்லாம் அது இறக்கும் சூட்டைச் சுவரும் தரையும் வாங்கி, ராத்திரியிலும் வீட்டுக்குள் விடும். ஃபேன் போட்டால் அனல்தான் சுற்றும். ஷீட் மேல் கோணியை விரித்து, அது காயக் காயக் குடத்தால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். லாரிக்குக் காத்திருந்து பிடித்த தண்ணீர் அது. ஆண்கள் வாசலில், பிளாட்பாரத்தில் பாயைப் போட்டுப் படுத்துவிடுகிறார்கள். பெண்களுக்கும் வயசுப் பிள்ளைகளுக்கும் அதுவும் முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே புழுங்க வேண்டும். நீங்கள் கவலைப்பட்டுப் பேசினீர்களே, அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வீடுகளிலிருந்துதான் பரீட்சைக்குப் போகிறார்கள். தூங்காத பிள்ளை வகுப்பில் என்ன கவனிக்கும்?

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல், காற்றின் ஈரம். டிகிரி குறைவாக இருந்தாலும் வேர்வை காயாது, உடம்பின் சூடு இறங்காது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் உயிரோடு திரும்பவில்லை. அது கத்திரி வெயில் காலம்கூட இல்லை. அதே மாதத்தில்தான் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே நம் வார்டில் பலருக்குத் தெரியாது. கட்டட வேலைக்குப் போனவர் மத்தியானம் சுருண்டு விழுந்து செத்தால், 'ஏதோ நெஞ்சுவலி' என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு வழிகாட்ட வேண்டியது யார்? நம் வார்டின் ஆரம்ப சுகாதார மையத்தில் ஓஆர்எஸ் இருக்கிறதா, வெயிலால் மயங்கி வருகிறவரைப் படுக்க வைக்கக் குளிர்ந்த ஓர் அறை இருக்கிறதா என்று கேட்க வேண்டியது யார்? பெரிய நாடுகள் வந்து கேட்காது, அக்கா.

இப்போது குப்பைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடசென்னையின் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு நம் மூச்சில் இருக்கிறது. சுமார் 250 ஏக்கர். பல லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது, அது நல்ல வேலை, முடியட்டும். ஆனால் அதே இடத்தில் தினமும் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போகிறது என்றதும் ஜனங்கள் பயந்துபோனார்கள். 2025 மே மாதம் வடசென்னையில் மனிதச் சங்கிலி நடந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற பெண்களை நான் பார்த்தேன். கட்சி வித்தியாசம் பார்க்காமல் வந்திருந்தார்கள். நீங்கள் வரவில்லை. உங்கள் கட்சியின் நிலை உங்களைக் கட்டிப்போட்டிருக்கலாம், அது எனக்குப் புரிகிறது. கருத்தையாவது சொல்லியிருக்கலாம்.

நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் சோறு, காய்கறித் தோல், இளநீர் மட்டை என்று ஈரச் சரக்குதான். ஈரத்தை எரித்தால் எரியாது. எரிய வைக்க பிளாஸ்டிக் வேண்டும். பிளாஸ்டிக் என்பது பெட்ரோலியம், அதை எரிப்பது நிலக்கரியை எரிப்பதற்குச் சமம். புகையை வடிகட்டினாலும் விஷச் சாம்பல் மிஞ்சும், அதைக் கொட்ட மறுபடி ஓர் இடம் வேண்டும். ஏற்கெனவே எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் மின்சாரம், சாம்பல் வடசென்னைக்கு. ஊருக்கெல்லாம் சுத்தம், குப்பை வடசென்னைக்கு. இதைச் சமூக நீதிப் பிரச்சினை என்று மேடையில் சொல்ல உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

எரிக்காமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். காலையில் ஏழு மணிக்கு நம் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியின் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி. ஆனால் வீட்டுக்காரர்கள் மீன் கழுவிய கழிவு, டயப்பர், உடைந்த பல்பு எல்லாவற்றையும் ஒரே கேரி பையில் முடிச்சுப் போட்டு நீட்டுகிறார்கள். வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு முடிச்சை அவிழ்க்கிறார், கையுறையோடு அவிழ்க்க வராது. கண்ணாடி கையில் குத்தினால் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அடுத்த பையைத் திறக்க அவருக்கு நேரம் இல்லை, அப்படியே போடுகிறார். பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. மக்கும் குப்பை தனியாக வந்தால் வார்டிலேயே உரமாக்கலாம், எரிவாயு எடுக்கலாம். கிடங்கில் கொட்டினால் அதே சோறு அழுகி மீத்தேன் ஆகிறது. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும் வாயு அது. வெயில் காலத்தில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைவதற்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, சென்னையில் காலநிலைக்காக நிஜமாக உழைக்கும் முதல் ஆள் அந்தத் தூய்மைப் பணியாளர். அவரை நாம் எப்படி நடத்தினோம்? 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். இருக்கிற சம்பளம் குறையும் என்பதும், இத்தனை வருஷம் உழைத்தும் நிரந்தரம் இல்லையே என்பதும்தான் அவர்கள் ஆதங்கம். நீதிமன்றம் அப்புறப்படுத்தச் சொன்ன பிறகு நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அவர்களுக்குக் காலை உணவு தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. உணவு நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது வேலைப் பாதுகாப்பு. காலநிலைத் திட்டம் என்று காகிதத்தில் எழுதி, அதைச் செய்யும் கைகளை நிச்சயமில்லாத சம்பளத்தில் வைத்திருந்தால் அந்தத் திட்டம் நடக்காது.

கால்வாய் ஓரக் குடும்பங்களை வேறு எங்கும் அனுப்பாமல் இங்கேயே வீடு தர வேண்டும் என்றீர்கள். அதற்கு நானும் கைதட்டினேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரத்தில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். வேலை இங்கே, பள்ளி இங்கே, வீடு ஊரின் மறுகோடியில். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, பெருமழை வந்தால் தண்ணீர் சூழும் இடம். வெள்ளத்துக்குப் பயந்து எடுத்தவர்களை வெள்ளத்திலேயே வைப்பதைக் காலநிலை நடவடிக்கை என்று யாரும் சொல்லக் கூடாது. இங்கேயே வீடு என்று நீங்கள் கொடுத்த வாக்கை மன்றக் கூட்டத்திலும் பேசிப் பதிவு செய்ய வேண்டும்.

உங்கள் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம், பஸ் போக்குவரத்துக் கழகத்திடம், பெரிய கட்டடங்களின் அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவிடம், மின்சாரம் வாரியத்திடம். 200 பேரில் ஒருவராக உட்கார்ந்து நீங்கள் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றலாம். ஆனால் மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா, தெரு மரம், மாநகராட்சிப் பள்ளி, சுகாதார மையம் இவ்வளவும் ரிப்பன் மாளிகையில்தான் இருக்கின்றன. மழையே இல்லாத மே மாதத்தில் நம் தெரு வடிகாலின் மூடியைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனையும் திருட்டு இணைப்பில் வரும் கழிவுநீர். அடியில் வண்டல் கெட்டியாக நிற்கிறது. அக்டோபர் மழை எங்கே போகும்? ஆண்டுதோறும் தூர் வாருகிறார்கள், வாரியதை அதே ஓரத்தில் குவித்துவிட்டுப் போகிறார்கள், முதல் மழையில் அது மறுபடி உள்ளே இறங்குகிறது. எந்த வடிகால் என்றைக்கு வாரப்பட்டது, வண்டல் எங்கே போனது என்று தெருவாரியாக ஒரு பட்டியல் கேட்டு வாங்கி வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். அதற்குப் புது அதிகாரம் தேவையில்லை.

பள்ளிக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்துச் சூட்டைக் குறைக்கும் வேலையை அரசே சில பள்ளிகளில் தொடங்கியிருக்கிறது. நம் வார்டு மேம்பாட்டு நிதியில் அதை மாநகராட்சிப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் செய்யலாம். அலங்கார வளைவு கட்டுவதைவிடச் செலவு குறைவு. மரக்கன்றும் நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜூனில் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று மட்டும் ஒரு தடவை எண்ணச் சொல்லுங்கள்.

அந்தக் கல்லூரிப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. 2023 ஜூனில் முதலமைச்சர் வெளியிட்ட சென்னைக் காலநிலைச் செயல் திட்டம், 2050க்குள் கார்பன் சமநிலை என்கிறது. வெள்ளம், வெப்பம், குப்பை, பஸ், எளியவர்களின் வீடு எல்லாம் அதில் பேசப்பட்டிருக்கின்றன. அதை 200 வார்டுக்கும் பிரித்து, இந்த வருஷம் இந்த வார்டில் இது நடக்கும் என்று சொன்னால்தான் அது திட்டம். பேச இடமும் இருக்கிறது. வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று சட்டப்படி அமைத்திருக்கிறார்கள். பல இடங்களில் அது கையெழுத்து வாங்கும் கூட்டமாக முடிந்துபோகிறது. நம் வார்டில் அப்படி ஆக வேண்டாம்.

செப்டம்பருக்குள் ஒரு சபைக் கூட்டம் கூட்டுங்கள். வடிகால், குப்பை எரிப்பு ஆலை, வெயில், கால்வாய் ஓர வீடுகள் இந்த நான்கை மட்டும் எடுப்போம். மண்டலப் பொறியாளரையும் சுகாதார அலுவலரையும் கட்டாயம் வரச் சொல்லுங்கள். தூய்மைப் பணியாளர்களில் இருவரை மேடையில் உட்கார வைத்து, அவர்களை முதலில் பேச விடுங்கள். தீர்மானத்தை எழுதி மன்றத்துக்கு எடுத்துப்போங்கள். நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுப்பது எங்கள் வேலை, நாலு தெருவுக்கு ஆள் சேர்த்தாகிவிட்டது. தேதி மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு ஓட்டுப் போட்ட வார்டுவாசி