சாண்ட் பிளாஸ்ட் அடிப்பதற்கு முன்னர்: பழைய பந்தயக் கார் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பழைய ஓரிருக்கைப் பந்தயக் கார்களைப் பேணிவரும் அன்பர்களுக்கும், அவற்றைத் திருத்திக்கொடுக்கும் கராஜ் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

பஞ்சிகாவத்தையில் லேத் பட்டறையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இதனை எழுதுகின்றேன். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். பந்தயம் ஓடிய காரொன்றைப் புதிதாக்கும் முன்னர், அது ஓடியதற்கு அதன் உடம்பிலேயே எஞ்சியிருக்கும் அடையாளங்களைப் படம் எடுத்து, எழுதி வையுங்கள். அதுவரை எதனையும் சுரண்ட வேண்டாம்.

சென்ற ஆண்டு கராஜ் ஒன்றின் பின்புறத்தில், தகரக் கூரையின் கீழ், கூப்பர் 500 என்னும் ஆங்கிலேயச் சிறு பந்தயக் கார் ஒன்றைக் கண்டேன். அதற்கு ஒரு அச்சுக் கடைந்து தருமாறு உரிமையாளர் கேட்டிருந்தார். மூக்குப் பகுதியின் அலுமினியத் தகட்டில் சிவப்புப் பெயின்ட் உரிந்த இடத்தில் பச்சை தெரிந்தது. பச்சையின் மேல் வெள்ளை வட்டமொன்றின் விளிம்பும், அதனுள் தூரிகையால் எழுதப்பட்ட 7 என்ற இலக்கத்தின் மேற்கோடும் தெரிந்தன. எழுதியவரின் கை சற்று நடுங்கியிருந்தது போலும், கோட்டின் முனை மேல்நோக்கி வளைந்திருந்தது. இரண்டு வாரங்களின் பின்னர் அச்சை எடுத்துக்கொண்டு போனபோது, சாண்ட் பிளாஸ்ட் அடித்து, அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சிப் பெயின்டையெல்லாம் நீக்கி, பொலிஷ் போட்ட தகடு கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்தது. ஒரு படம்கூட எடுக்கப்படவில்லை. அந்தக் கராஜின் பாஸ், அதாவது மெக்கானிக், கைதேர்ந்த வேலைக்காரர். சொல்லியிருந்தால் அவ்விடத்தை விட்டுவைத்திருப்பார். அவரிடம் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

அந்த இலக்கத்தில் என்ன இருக்கின்றது என்று நீங்கள் கேட்கலாம். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இல் தொடங்கியது; இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமான கட்டுகுருந்தையிலும் பின்னாளில் பந்தயங்கள் நடந்தன. கார்கள் கைமாறும், நிறம் மாறும், இயந்திரமும் மாறும். ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இலக்கத்துடன் ஓடிய காரைப் பழைய பத்திரிகைப் படத்திலோ பந்தய நிரலிலோ அடையாளம் காண்பதற்கு அந்த இலக்கமும் அதன் அடியிலுள்ள நிறமுமே கைப்பிடி. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. எதைத் தேடுவதென்று தெரிந்தவருக்கே அவை பயன்படும்.

கூப்பர் 500 இற்கு இது இன்னும் பொருந்தும்; பந்தயக் கார்களின் வரலாற்றிலேயே அதற்கு ஓர் இடம் உண்டு. 1946 இல் இங்கிலாந்தின் சர்பிட்டனில் சார்ள்ஸ் கூப்பரும் அவருடைய மகன் ஜோனும் இரண்டு ஃபியட் டொப்பலீனோ கார்களின் முன்பாகங்களை இணைத்து, ஜே.ஏ.பி. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைப் பொருத்தி முதலாவது காரை உருவாக்கினர். செயின் மூலம் பின்சக்கரங்களைச் சுழற்றுவதற்கு வசதியாக இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். பட்டறை வசதிக்காகச் செய்த அந்த ஏற்பாடுதான் வளர்ந்து, 1959 இலும் 1960 இலும் ஜாக் பிரபாமை உலகச் சாம்பியனாக்கிய கூப்பர் கார்கள் வரை சென்றது. புகழ்பெற்ற பிரித்தானியப் பந்தய ஓட்டுநர் ஸ்டேர்லிங் மொஸ் 1948 இல் பந்தயத்தில் காலடி வைத்ததும் ஒரு கூப்பர் 500 இல்தான்.

பாகங்களே மாற்றக்கூடாது என்று நான் வாதிடவில்லை. 1929 இலும் 1930 இலும் பிரான்சின் லே மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற ‘ஓல்ட் நம்பர் வன்’ என்னும் பென்ட்லி காரில் இயந்திரம் உட்படப் பல பாகங்கள் காலப்போக்கில் மாற்றப்பட்டிருந்தன. அது உண்மையில் அந்தக் கார்தானா என்ற கேள்வி வழக்காகியது. ஆயினும் அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்ததால் அப்பெயர் அதற்கே உரியது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 1990 இல் தீர்ப்பளித்தது. இரும்பைவிடத் தொடர்ச்சிக்கே நீதிமன்றம் மதிப்பளித்தது என்பதே என் வாசிப்பு. தொடர்ச்சியை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லாத இடத்தில் தகட்டின் அடியிலுள்ள பெயின்ட் வேண்டும்.

பாதுகாப்பு விடயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பில்லை. இக்கார்களின் மெக்னீசியம் கலந்த வார்ப்புச் சக்கரங்களை நம் கடற்காற்று மெல்ல அரித்துவிடும். சிவப்புச் சாயத்தை ஊறவிட்டுத் துடைத்து, வெண்பொடி தூவிப் பார்த்தால் மயிரிழை வெடிப்பும் சிவந்து தெரியும். அப்படித் தெரிந்த சக்கரத்தில் யாரும் ஓடக்கூடாது. எரிபொருளாக ஊற்றும் மெதனோல் ஈரத்தை உறிஞ்சிக் காபரேட்டரை வெள்ளையாகப் பூக்கச் செய்யும் என்பதால், ஓடி முடித்ததும் அதனை வடித்துப் பெற்றோலால் கழுவ வேண்டும். ஆனால் கழற்றிய சக்கரத்தைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துப் போடாமல், அட்டையொன்று கட்டி, கழற்றிய திகதியை எழுதி வைப்பதற்கு என்ன செலவாகும்?

அந்த 7ஆம் இலக்கக் காரின் உரிமையாளர் இப்போது அதன் பழைய படமொன்றைத் தேடி வருகின்றார். பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும், மூக்கில் வெள்ளை வட்டம். உங்கள் வீட்டு அல்பத்தில் அப்படியொன்று இருந்தால், உங்கள் கராஜ்காரரிடம் சொல்லிவையுங்கள். பஞ்சிகாவத்தையில் செய்தி எப்படியும் எங்களை வந்தடையும்.

இங்ஙனம்,
ஒரு பழைய லேத்காரன்,
கொழும்பு 10